கல் தெரியணும்

நாலரைக்கே விளக்குப் போட்டுவிட்டது மேலூர்.
கல்யாணமில்லாத மார்கழி.
ஸ்டுடியோ வாசலில் மழை பார்த்துக்கொண்டிருந்த என்னை
பைக்கில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார் அடைக்கலம்.
"போன்ல எடுத்தா ஒரே இருட்டா வருது தம்பி,
ஆபீஸ்ல தூக்கிப் போட்டுர்றாக."

தனியாமங்கலம் தாண்டி, வாய்க்கால் முடிகிற இடம்.
எந்த வருடமும் தண்ணீர் வந்து சேராத கடைமடை.
இந்த முறை வந்து சேர்ந்திருக்கிறது,
எத்தனையோ போகத்துப் பாக்கியை
ஒரே ராத்திரியில் தீர்க்க.
அழகர்மலை இருக்கிற திசையில்
மலையைக் காணோம்.
வயல் இருக்கிற இடத்தில் வயலையும்.

கேமராவுக்கு ஜவுளிக்கடைப் பையை மாட்டி
லென்சுக்கு ஓட்டை கிழித்தேன்.
பஞ்சவர்ணம் அக்கா குடை பிடித்தார்.
குடை முழுக்க கேமராவுக்கு,
மழை முழுக்க அவருக்கு.

பிளாஷ் போட்டுப் பார்த்தேன்.
துளிகள் மட்டும் வெள்ளை வெள்ளையாய் விழுந்தன படத்தில்,
பின்னால் ஒன்றுமே இல்லை.
அணைத்தேன்.
வரப்பில் முழங்காலிட்டு, மூச்சைப் பிடித்து,
அரை நொடி திறந்து வைத்தேன்.

அழகாக வந்து தொலைத்தது.
அரை நொடியில் மழையே மறைந்துவிட்டது.
சேற்றுத் தண்ணீர் இஸ்திரி போட்ட பட்டு மாதிரி கிடக்க,
சாய்ந்த கதிர்களின் நுனி மட்டும்
யாரோ கோலத்துக்குப் புள்ளி வைத்துவிட்டுப் போனது மாதிரி.
காலண்டருக்குத் தாங்கும்.
அடைக்கலம் எட்டிப் பார்த்து
"இது யாரு வயலு?" என்றார்.

அழித்தேன்.
ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினேன், இன்னும் ஏற்றினேன்.
சொரசொரத்தது படம்,
இருட்டெல்லாம் மணி மணியாய்.
பால் பிடித்த கதிர்
மணி பிடிக்குமுன் படுத்துவிட்ட வயல்;
மணி பிடித்திருப்பது என் படத்தில்.
இதை அவரிடம் சொல்லவில்லை.

"கல்லு தெரியணும்னாக."
சர்வே கல் தண்ணீருக்குள்.
காலால் துழாவி, திட்டி, மறுபடி துழாவி
கண்டுபிடித்து அதன் மேல் ஏறி நின்றார்.
பார்த்தால் கணுக்கால் தண்ணீர்.
நாற்று நட வந்தவர் மாதிரி நிற்கிறார்.
"இறங்குங்கண்ணே."
இறங்கினால் தொடை.
கல்லைக் காட்டினால் வெள்ளம் பொய்,
வெள்ளத்தைக் காட்டினால் இடம் பொய்.
ஒரு படம்தான் ஏறுமாம் விண்ணப்பத்தில்.
வெளிச்சமும் ஒரு படத்துக்குத்தான் மிச்சம்.

"பட்டா யாரு பேர்ல?"
"எம் பேர்லதான். எங்கப்பா குடுத்தது"
என்றது தலைக்கு மேலிருந்த குடை.

குடையை என் தோளில் சாய்த்துவிட்டு
அக்கா இறங்கினார்.
காற்று அதை அந்த வரப்புக்குக் கொண்டுபோனது.
அவர் தோளைப் பிடித்துக் கல்லில் ஏறினார்.
அவருக்குக் கணுக்கால்,
பக்கத்தில் நிற்கிறவருக்குத் தொடை.
"என்னையவிட ஒசந்துட்டா பாருங்க."
அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டார்,
நஷ்டத்துக்கு எடுக்கிற படத்தில் சிரிக்கக் கூடாதென்று.

"அசையாதீங்க."
அந்தக் குளிரில் யாரால் முடியும்.
இருபதில் ஒரு நொடி.
லென்சில் ஒரு துளி வந்து உட்கார்ந்திருக்கிறது.
எதிர்க்கரைப் பனை வளைந்து கலங்கிப் போனது.
மற்றதெல்லாம் தெரிந்தது
கல்லைத் தவிர.

கடைக்கு வந்து ஏற்றும்போது
இருநூறு கேபிக்கு மேல் கூடாது என்றது கம்ப்யூட்டர்.
சுருக்கினேன், மழை போனது.
இன்னும் சுருக்கினேன், முகங்கள் போயின.
கணுக்காலும் தொடையும் மிஞ்சின.
அனுப்பினேன்.

காசெடுக்க நனைந்த சட்டைப்பையில் கைவிட்டவர்
அப்படியே நின்றார்.
"சுருக்காதது ஒண்ணு
பெருசாக் கழுவிக் குடுங்க தம்பி.
அவ ஒசரமா நிக்கிறாள்ல, அது."